பார்க்காத காற்றின் படம்

அந்தப் பந்தலில் மாவிலைத் தோரணங்களுக்கு நடுவே ஆறு பலூன்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நான்கு வெள்ளை, இரண்டு சிவப்பு. ஆரணியில் ஒரு அரிசி மில் முதலாளியின் பேத்திக்குக் காது குத்து. கடைத்தெருவில் வாங்கும் பலூன் தொட்டால் கிறீச்சிடும், கொஞ்சம் அழுத்தினால் வெடித்துவிடும். இவை அப்படி இல்லை. தடித்த ரப்பர், மேலே மாவு பூசினாற்போல் ஒரு வெளுப்பு, கழுத்து மட்டும் கட்டைவிரல் அகலம். தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. ஏழு மாதமாக நான் அவற்றோடுதான் வேலை செய்துகொண்டிருந்தேன். வானத்தில் எந்த உயரத்தில் காற்று எந்தத் திசையில் என்ன வேகத்தில் வீசுகிறது என்று அளப்பதற்காக அரசாங்கம் எங்கள் நிலையத்துக்கு அனுப்பும் பலூன்கள் அவை. பந்தி நடந்த இடத்துக்குப் பக்கத்தில், வாய் நிறைய வெற்றிலையோடு, நிலையத்தின் இன்சார்ஜ் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "வாம்மா, ஜல்தியா உக்காரு, ரெண்டாவது பந்தி ஆரம்பிச்சிட்டாங்க" என்றார். நான் உட்கார்ந்தேன். சாப்பிடவும் சாப்பிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரைப் பற்றி நான் எழுதப்போகும் எல்லாவற்றிலும் நானும் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் பின்பாதி அது. ஆரணிக்கும் சேவூருக்கும் இடையில், வயல்களின் ஓரமாக, மேல்காற்றை அளக்க ஒரு சிறிய நிலையம் இருந்தது. தற்காலிகமாகத் தொடங்கி, சில வருடங்களில் மூடிவிட்டார்கள். ஓட்டுக் கட்டடம் ஒன்று, கம்பி வேலி, மழைமானி, காற்றுத்திசை காட்டி, கேஸ் சிலிண்டர் வைக்கும் தகரக் கொட்டகை. இவ்வளவுதான். வேலை செய்தவர்கள் மூன்று பேர்: இன்சார்ஜ், பலூனில் கேஸ் நிரப்பும் பெரியவர் ஒருவர், நான். படவேட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கணிதம் படித்து, சென்னையில் சில மாதப் பயிற்சியை முடித்துக்கொண்டு வந்திருந்தேன். எங்கள் வகையறாவில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போன முதல் பெண். வேலை நிரந்தரமாக இரண்டு வருடம் ஆகும். அதுவரை என்னைப் பற்றி மேலே எழுதியனுப்ப வேண்டியவர் இன்சார்ஜ்.

வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விடியற்காலையில் பலூனில் கேஸ் நிரப்பிப் பறக்க விடுவார்கள். அது நிமிடத்துக்கு இவ்வளவு மீட்டர் என்று ஒரே சீராக ஏறும். தியோடலைட் என்கிற, கோணம் அளக்கும் தொலைநோக்கியால் அதை விடாமல் பின்தொடர்ந்து, ஒவ்வொரு நிமிடமும் அது எந்தப் பக்கம், எவ்வளவு உயரக் கோணத்தில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். கண்ணிலிருந்து மறையும்வரை, இல்லை மேகத்துக்குள் நுழையும்வரை. பிறகு அந்தக் கோணங்களிலிருந்து ஒவ்வொரு உயரத்துக்கும் காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிட்டு, வட்டங்கள் அச்சிட்ட தாளில் புள்ளி வைக்க வேண்டும். நடுவிலிருந்து புள்ளி தள்ளிப் போனால் வேகம் அதிகம். எந்தப் பக்கம் தள்ளிப் போகிறது என்பது திசை. புள்ளிகளைக் கீழிருந்து மேலாக உயர வரிசையில் ஒரு கோட்டால் இணைத்தால் அதுதான் அன்றைய காற்றின் படம். தெரிந்தவர் கண்ணுக்கு அந்த ஒற்றைக் கோடு நிறையச் சொல்லும். கீழ்க்காற்றும் மேல்காற்றும் ஒத்துப்போகின்றனவா, எந்த உயரத்தில் திரும்புகிறது, கடலில் ஏதாவது உருண்டு திரண்டு வருகிறதா என்று எல்லாம். பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தாளில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவதுபோல் இருக்கும்.

இன்சார்ஜுக்கு நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, எப்போதும் சிரித்த முகம். ஊரில் அவருக்கு 'பலூன் சார்' என்று பெயர். மில்காரர்கள், பட்டு வியாபாரிகள், ஸ்கூல் ஹெட்மாஸ்டர் எல்லோரும் அவரை நிறுத்திவைத்து மழை எப்போது என்று கேட்பார்கள். அவர் கண்ணை இடுக்கி வானத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்வார். கோடு போடுவதில் அப்படி ஒரு கை. பென்சிலைச் சீவுவதே பார்க்க அழகாக இருக்கும். அதே காம்பஸின் முனையால் பல்லைக் குத்தி, சட்டை ஓரத்தில் துடைத்துவிட்டு, மறுபடி தாளில் ஊன்றுவார். அந்த முனை பட்ட இடத்தில் தாளின் மையத்தில் சில நாள் லேசான வெற்றிலைச் சிவப்பு இருக்கும். முதல் மாதம் அந்தத் தாளை விரல்நுனியால்தான் தொட்டேன். பிறகு பழகிவிட்டது.

வந்து சேர்ந்த வாரமே அவர் சொன்னார்: "பொம்பளப் புள்ள, இருட்டோட கெளம்பி வர வேணாம்மா. பலூனை நானும் பெரியவரும் பாத்துக்கறோம். நீ எட்டு மணிக்கு வந்து, படத்தைச் சரிபாத்து, ஓரத்துல இனிஷியல் போட்டு, போன்ல சேதி அனுப்பினா போதும்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் வேலையில் இப்படி ஒரு நல்ல மனிதர் வாய்த்தாரே என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்.

சேவூரில் ஒரு நெசவாளர் வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டுக்கார அக்காவும் அவள் கணவரும் மட்டும். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பின்னறை முழுவதும் தறி. அண்ணன் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார். அக்கா நெசவுக்கான நூலைக் குச்சியில் தார் சுற்றுவாள், சமைப்பாள், நடுநடுவே என் அறை வாசலில் நின்று வம்பு பேசுவாள். "ஆபீஸ்காரம்மா, இன்னிக்கு உங்க ஆபீஸ்ல மழை எழுதிகீதா, வெயில் எழுதிகீதா?" என்று கேட்பாள். வீதியில் நெடுக்கு நூலை, பாவை, நீட்டும் நாளாக இருந்தால் கேள்வியில் சிரிப்பு இருக்காது. மழையில் பாவு நனைந்தால் ஒரு மாத உழைப்பு போய்விடும். நான் படத்தில் பார்த்ததைச் சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மழையில்லாத மாதங்களில் மழை வராது என்று சொல்லப் பெரிய படிப்பு தேவையில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தை மாதம் இன்சார்ஜ் பத்து நாள் லீவில் போனார். அந்தப் பத்து நாளும் விடியற்காலையில் நான்தான் தியோடலைட்டில் கண் வைத்தேன், பெரியவர் கடிகாரம் பார்த்து நிமிடம் சொன்னார். படம் போட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. கோடு கோணல்மாணலாக ஓடியது. தரைக்கு அருகில் ஜவ்வாது மலைப்பக்கமிருந்து மேற்குக் காற்று மெல்ல இறங்கியது; ஐந்நூறு மீட்டருக்கு மேல் திடீரென்று வடகிழக்காகத் திரும்பியது; நடுவில் ஓர் இடத்தில் நின்றே போனது. என் கைதான் சரியில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி கணக்குப் போட்டேன். பத்து நாளும் அதே மலைக்காற்று. பிறகு இன்சார்ஜின் பழைய படங்களை எடுத்து வரிசையாக விரித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட மலைக்காற்று இல்லை. எல்லாம் சேலைக் கரையில் ஓடும் கொடிபோல வழுவழுவென்று வளைந்து போயின. ஒரு மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதிலிருந்து தினமும் இறங்கும் காற்று அவர் இருக்கும்போது மட்டும் இறங்குவதில்லை.

அப்போதும் நான் என்னைத்தான் சந்தேகித்தேன். பங்குனியில் அந்தப் பந்தலில் பலூன்களைப் பார்த்த பிறகுதான் மனம் ஒரு முடிவுக்கு வந்தது. மறுநாள் இருட்டு பிரிவதற்குள் நிலையத்துக்குப் போனேன். வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. தியோடலைட் உறை போட்டபடி மூலையில் நின்றது. கேஸ் கொட்டகை பூட்டியிருந்தது. பெரியவர் வெளியே துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் இன்சார்ஜ் பனியனோடு உட்கார்ந்து, போன வருடத்து ரிஜிஸ்டரை ஒரு பக்கம் திறந்துவைத்துக்கொண்டு, டீயை உறிஞ்சியபடி படம் போட்டுக்கொண்டிருந்தார். போன வருடத்துக் காற்றில் அங்கே திசையில் இரண்டு டிகிரி கூட்டி, இங்கே வேகத்தில் ஒரு நாட் குறைத்து இன்றைய காற்றாக்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தும் பென்சிலை வைக்கவில்லை. கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, இவ்ளோ காலையில?"

"சார், பலூன் விடலீங்களா?"

"வுட்டா மட்டும் இன்னா ஆவப்போவுது? நேத்து அடிச்ச காத்துதான் இன்னிக்கும் அடிக்கும். போன வருசம் அடிச்ச காத்துதான் இந்த வருசமும் அடிக்கும். காத்து இன்னா கண்ணுலயா தெரியுது? எவன் வந்து பாத்துகினு இருக்கான்?"

"எல்லா நாளும் இப்படித்தானா சார்?"

அவர் சிரித்தார். "எல்லா நாளும்னு இல்ல. பெரிய ஆபீஸர் வர்ற அன்னிக்கி வுடுவேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, மிகவும் அன்பாகச் சொன்னார்: "உனுக்கு நான் நல்ல ரிப்போர்ட்தாம்மா எழுதிகீறேன். அதைக் கெடுத்துக்காத. படத்துல இனிஷியல் போட்டது நீதான? ஏழு மாசமா நீதான?"

மேசையில் டீ டம்ளர் வைத்த ஈர வட்டம் படத்தின் ஓரத்தைத் தொட்டிருந்தது. அவர் அதைத் தன் வேட்டி நுனியால் ஒற்றி எடுத்து, தாளை என் பக்கம் தள்ளினார். நான் இனிஷியல் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்குக் கூசுகிறது. பயத்தினால் சும்மா இருந்தேன் என்று சொல்லிக்கொள்வது எளிது. பயமும் இருந்தது. ஆனால் அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது: வசதி. எட்டு மணிக்குப் போனால் போதும். கொட்டகையின் ரப்பர் நாற்றம் இல்லை, பனியில் நின்று கண்ணை வருத்திக்கொள்ளும் வேலை இல்லை. போன் எடுத்து, சிரத்தையான குரலில், இல்லாத காற்றை எண்ணெண்ணாக நகரத்துக்குப் படிப்பேன். அந்தப் பக்கம் எழுதிக்கொள்பவர் "தேங்க் யூ மேடம்" என்பார். சித்திரை போய் ஆடி போய் ஐப்பசி வந்தபோது, நான் அந்தப் படங்களை மறுபடியும் நிஜம்போலவே வாசிக்கத் தொடங்கியிருந்தேன். அக்கா கேட்டால் அவற்றைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.

கார்த்திகையில் ஒரு நாள். விடிவதற்கு முன்பிருந்தே தூறல். வானொலியில் புயல் என்றார்கள். கடலோர ஊர்களைத்தான் சொன்னார்கள், எங்கள் பக்கம் பற்றிப் பேச்சில்லை. நான் நிலையத்துக்குப் போனபோது மேகம் அவ்வளவு தாழ்ந்திருந்தது, தூரத்து மலையே தெரியவில்லை. மேக ரிஜிஸ்டரில் எட்டில் எட்டு பங்கு, அதாவது வானம் முழுவதும் மேகம் என்று எழுதினேன். கூரைமேல் இருந்த காற்றுத்திசை காட்டி வடக்கைக் காட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. மேசையில் இன்சார்ஜின் படம் தயாராக இருந்தது. தரையில் வடகிழக்கு, எட்டு நாட். அங்கிருந்து மெல்லக் கிழக்காக வளைந்து, மூன்று கிலோமீட்டர் உயரம் வரை, வழுவழுவென்று. முந்நூறு மீட்டருக்குமேல் எதையும் பார்க்க முடியாத வானத்தில் மூன்று கிலோமீட்டருக்குப் பலூனைப் பார்த்திருக்கிறார். இரண்டு தாளும் ஒரே மேசையில், என் இரண்டு கைக்கும் கீழே இருந்தன. ஒன்றில் நான் எழுதிய மேகம், மற்றொன்றில் அவர் எழுதிய காற்று. படத்தின் ஓரத்தில் இனிஷியல் போட்டேன். போனை எடுத்தேன். லைன் செத்திருந்தது. நாள் முழுவதும் வரவில்லை.

அந்தப் போன் செத்திருந்தது எனக்கு ஆறுதலா தண்டனையா என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். அந்தப் பொய்ப் படம் அன்று நகரத்துக்குப் போகவில்லை. எந்த எச்சரிக்கையையும் அது தடுக்கவில்லை. உலகத்தில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அது போய்ச் சேர்ந்தது.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். பின்னறையின் மேற்குப் பக்கம் மண்சுவர். ஐப்பசி மழையிலேயே ஊறி, ஒரு ஓரம் வயிறு தள்ளியிருந்தது.

"ஆபீஸ்ல இன்னாம்மா சொல்றாங்க? பெருங்காத்து வருமா? கோட்டைப் பக்கம் எங்க அண்ணன் வூடு மச்சு வூடு, ராத்திரிக்கு அங்க போய்டலாம்னு இவுரு சொல்றாரு. தறியில முகூர்த்தச் சேலை பாதியில நிக்குது. வுட்டுட்டு எப்டி போறதுன்னு எனக்கு பேஜாரா கீது."

அண்ணன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது அக்கா, நாங்கள் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பாள். எவ்வளவு நாளாகப் பார்க்கவில்லை என்று கேட்பாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"படத்துல பெருசா ஒண்ணும் இல்லக்கா. காத்து எப்பவும் போலத்தான் இருக்குது" என்றேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் காற்று வடக்கிலிருந்து வந்தது. தெருவின் ஒரு முனையில் தொடங்கி ஓடுகளை வாரிக்கொண்டே வந்தது. அண்ணன் சேலையை அறுத்தாவது எடுத்துவிடலாம் என்று தறிக்கூடத்துக்குள் போனார். அக்கா வேண்டாம் என்று கத்தினாள். சுவர் விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. மூட்டையைப் போட்டதுபோல் ஒரு தொம்மென்ற ஒலி, அவ்வளவுதான். நெய்த துணியைச் சுற்றும் மரத்துக்கும் சரிந்த மண்ணுக்கும் நடுவே அவருடைய வலது கை மாட்டியிருந்தது. அக்காவும் நானும் கையாலேயே மண்ணைத் தோண்டினோம். பட்டு நூல்கள் ஈர மண்ணில் குழைந்து விரலில் சுற்றிக்கொண்டன. சாலையெல்லாம் மரம் விழுந்து, மறுநாள் மதியம்தான் வேலூருக்குக் கொண்டுபோக முடிந்தது. மணிக்கட்டு வரைக்கும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து நிலையத்துக்குப் போனேன். இன்சார்ஜ் சுறுசுறுப்பாக இருந்தார். பழைய படத்தைக் கிழித்துச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டிருந்தார். மேசையில் அதே தேதியில் புதிய படம். இப்போது காற்று வடக்கிலிருந்து வந்தது. தரையில் இருபத்தைந்து நாட், மேலே போகப் போக நாற்பது, ஐம்பது. கிழக்கே கடலில் புயல் நெருங்கும்போது எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே, பாடப் புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டியதுபோல. அதுவும் மூன்று கிலோமீட்டர் வரைக்கும்.

"போன் லைன் இல்லாதது நம்ம அதிர்ஷ்டம்" என்றார். "சேதி போவலன்னு ரிஜிஸ்டர்ல எழுதிட்டேன். நாம முன்னாடியே பாத்துட்டோம், லைன் இல்லாம அனுப்ப முடியலன்னு இருக்கட்டும். இனிஷியல் போடு."

"மேகம் தலைய இடிச்சிகினு இருந்தது சார். யார் பாத்தது?"

"அட, காத்து இப்படித்தானம்மா அடிச்சிருக்கும்? சரியாத்தான போட்டுகீறேன்?"

நான் போடவில்லை. அன்றுதான் முதல் தடவையாக ஒன்றைச் செய்ய மறுத்தேன், அதுவும் யாருக்கும் உதவாத நேரத்தில். அவர் கோபப்படவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு, காம்பஸ் முனையால் கடைவாய்ப் பல்லைக் குத்தினார். எழுந்துபோய் வேலியோரம் வாந்தி எடுத்தேன். அடுத்த வாரம் அவர் சேவூருக்கு வந்து, இரண்டு சாத்துக்குடியை அண்ணன் பக்கத்தில் வைத்து, "இயற்கை கிட்ட நம்மால இன்னாங்க பண்ண முடியும்" என்று அரைமணி நேரம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அவருக்குக் காபி கொடுத்தாள். நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். விசாரிக்க வந்தவர் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "எல்லாப் படத்துலயும் உங்க இனிஷியல் இருக்கேம்மா" என்றார். அத்தோடு முடிந்தது. இன்சார்ஜ் பாராட்டுக் கடிதத்தோடு நகரத்துக்கு மாற்றலாகிப் போனார். நிலையத்தை மூடியபின் என்னை வேறு ஊருக்கு அனுப்பினார்கள்.

எண்பதுகளின் நடுவில், மறுபயிற்சிக்காக என்னை நகரத்துக்கு அழைத்திருந்தார்கள். இருபது பேர் வகுப்பு, பெரும்பாலும் இளையவர்கள். காற்றுப் படங்களை வாசிப்பது பற்றிய பாடம். பயிற்சி அதிகாரி பலகையில் ஒரு பெரிய படத்தைக் குத்தினார். "புயல் கரை கடக்கும் நாளின் காலையில் காற்று எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. கோட்டின் அழகைப் பாருங்கள்" என்றார். கோட்டை முழுதாகப் பார்க்கும் முன்பே அது இன்சார்ஜின் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்துபோய் அருகில் நின்று பார்த்தேன். ஓரத்தில் என் இனிஷியல் இருந்தது. நான் போடாத என் இனிஷியலை என்னைவிட அழகாகப் போட்டிருந்தார்.

"இது நான் வேலை பார்த்த நிலையம் சார். அன்னிக்கு நான் அங்க இருந்தேன்" என்றேன்.

"அப்படியா மேடம்! நீங்களே சொல்லுங்க."

"அன்னிக்குக் காலையில மேகம் எட்டுல எட்டு. முந்நூறு மீட்டருக்கு மேல ஒண்ணும் தெரியல. மூணு கிலோமீட்டர் வரைக்கும் பலூனைப் பாத்தது யாரு?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா படம் சரியாத்தானே இருக்குது மேடம்? புயலுக்கு முன்னாடி காத்து இப்படித்தானே அடிக்கும்?"

"சரியாத்தான் இருக்கும் சார். புயல் போனப்புறம் போட்டது."

அவர் படத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். டீ இடைவேளையில் இரண்டு பையன்கள் என்னிடம் வந்து, ஏதோ ரகசியக் கூட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்வதுபோலச் சொன்னார்கள்: "எங்க ஸ்டேஷன்லயும் மழை நாள்ல அப்படித்தான் மேடம். யாரு நனையறது!" என் கையிலிருந்த டீயைக் கீழே கொட்டினேன்.

அன்று சாயங்காலம் படிக்கட்டில் இன்சார்ஜ் எதிரே வந்தார். தலை நரைத்திருந்தது, சட்டை அதே வெள்ளை. செய்தி அதற்குள் போயிருந்தது. "இன்னாம்மா, க்ளாஸ்ல என் மானத்த வாங்கிட்டியாமே" என்றார், அதே சிரிப்போடு. "அந்தப் படத்தப் பாத்து எத்தினி பேரு கத்துகினாங்க தெரியுமா? அதனால யாருக்கு இன்னா நஷ்டம்?"

"ஒரு மனுஷனோட கை போச்சு சார்."

அவர் புருவத்தைச் சுருக்கி, உண்மையிலேயே யோசித்தார். நடிக்கவில்லை. அவர் நடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"எந்தக் கை?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்கு பஸ் ஏறினேன். ஆறேழு வருடமாகப் போகாத ஊர். சேவூர்த் தெருவில் இரண்டு மூன்று வீட்டில் பவர்லூம் வந்திருந்தது. பேச்சே கேட்காத இரைச்சல். அக்காவின் வீட்டில் பின்னறையைச் செங்கல்லில் கட்டியிருந்தார்கள், தறி இல்லை. அண்ணன் இடது கையால் ராட்டையைச் சுற்ற, அக்கா அடுத்தவர்களுக்காகத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இருவருக்கும் சந்தோஷம். அக்கா பாய் போட்டாள். நான் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பலூன் விடாதது, எனக்கு அது தெரிந்திருந்தது, தெரிந்தும் அன்று மதியம் அந்த வார்த்தையைச் சொன்னது, எல்லாம்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கையிலிருந்த தாரைக் கூடையில் போட்டாள். பிறகு சொன்னாள்: "பலூன் போவலன்னு எனக்குத் தெரியும்மா. விடியக்காலம் வாசல் தெளிக்கிறவ நான். மாசத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோதான் அது போவும். அன்னிக்கும் போவல."

"அப்புறம் ஏங்க்கா என்னைக் கேட்டீங்க?"

"பலூனையா கேட்டேன்? உன்னத்தான கேட்டேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அவள் அறுந்த நூலை நாக்கில் நனைத்து முடிச்சுப் போட்டாள். "இத்தினி வருசம் கழிச்சி இப்ப இன்னாத்துக்கும்மா சொல்ற?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அண்ணன், "வுடு, சாப்ட்டுட்டுப் போவட்டும்" என்றார். அக்கா எழுந்திருக்கவில்லை. ராட்டை மறுபடி சுற்றத் தொடங்கியது.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன். அந்த மனிதரைப் பற்றி நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. அது நிற்காது, நிற்கவும் வேண்டாம். ஆனால் அன்று அந்த வெயிலில் நடந்தபோது அவர் நினைவுக்கே வரவில்லை. என் நெஞ்சில் இருந்ததை அந்த வீட்டில் இறக்கி வைத்துவிட்டு லேசாகத் திரும்பலாம் என்றுதான் நான் போயிருந்தேன். கை போனவரின் வீட்டுக்கு, என் பாரத்தையும் வைத்துக்கொள்ளச் சொல்லிப் போயிருந்தேன். அக்காவுக்கு அது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. எனக்குப் புரிவதற்குள் வேலூர் பஸ் வந்துவிட்டது. கூட்டம் அதிகமில்லை. உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன்.